4,500 ரூபாய் கிடாரும் 26,000 ரூபாய் கிடாரும்: இரண்டையும் வைத்திருந்தவன் கணக்கு

எங்கள் ஞாயிற்றுக்கிழமை கிடார் வகுப்பில் ஒரு கல்லூரிப் பையன் இருக்கிறான். அவன் கிடாரின் தலையில் பிராண்டு பெயர் இருக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் சிங்க ஸ்டிக்கர். கிரிக்கெட் பைத்தியம் போல என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வாரம் டீ குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அண்ணா, இது நாலாயிரத்து ஐந்நூறு ரூபா கிடார். பக்கத்துல உக்கார்றவன் வெச்சிருக்கறது முப்பதாயிரம். பைய விட்டு எடுக்கவே கூச்சமா இருக்கு. இத மூட்டை கட்டிட்டு, வேலைக்குப் போனப்புறம் நல்லதா ஒண்ணு வாங்கிக் கத்துக்கலாமான்னு பாக்கறேன்."

இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே காசு கொடுத்துப் பதில் வாங்கியவன். முதலில் ஆன்லைனில் 4,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஒரு வருஷம் கழித்து, இனி நாம் பெரிய ஆள் என்று தோன்றியபோது, 26,000 ரூபாய்க்கு சாலிட் டாப், அதாவது மேல்பலகை முழு மரத்தில் செய்த கிடார் ஒன்று. பதினான்கு மாதம் இரண்டும் வீட்டில் இருந்தன. அப்புறம் ஒன்றை விற்றேன். விற்றது விலை கூடியதை. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ஒலியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். விலை கூடியதுதான் நன்றாக ஒலிக்கும். அடித்தொனி நிறைவாக இருக்கும், ஒரு கம்பியை மீட்டிவிட்டால் கொஞ்ச நேரம் அறையில் நின்று போகும். பார்க்கவும் அழகு. இதை மறுக்கிறவர்கள் தங்களையே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கத்துக்குட்டியைக் கைவிட வைப்பது ஒலி இல்லை, விரல் வலி. அங்கேதான் கதை வேறு.

முதல் மூன்று மாதம் எனக்கு எஃப் மேஜர் கார்டு வரவே இல்லை. கார்டு என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது. முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவதில், ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய கார்டு அது. நாலு கம்பி பேசும், இரண்டு கம்பி மட்டையடி போல 'டப்' என்னும். என் விரல் குட்டை, எனக்கு இது எழுதிவைக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். அப்போதுதான் ஒரு நண்பர் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். வீணை, ஹார்மோனியம், கிடார் என்று எது வந்தாலும் பார்ப்பவர். கிடாரை வாங்கி, கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி பிடித்துக் கழுத்தைப் பார்த்தார்.

"தம்பி, வெரல்ல ஒண்ணும் கோளாறு இல்ல. நட்டு ஒசரம். கழுத்தும் கொஞ்சம் வில்லா நிக்குது. இத வெச்சுக்கிட்டு நானே எஃப் புடிக்க மாட்டேன்."

அவர் செய்த வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த முழு ஒப்பீடும் இதில்தான் நிற்கிறது. அகௌஸ்டிக் கிடாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 60, 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதை எதிர்த்து நிற்கக் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்று ஒரு இரும்புக் கம்பி உண்டு. ஆலன் கீ போட்டு அதைக் கால் சுற்று இறுக்கினார். கழுத்து நேரானது. பிறகு நட். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் அந்தச் சிறு வெள்ளைத் துண்டில் காடிகள் ஆழமாக அறுக்கப்படாவிட்டால், முதல் ஃப்ரெட்டில் கம்பி எட்டாத உயரத்தில் நிற்கும். எஃப் மேஜரின் வில்லன் பெரும்பாலும் இதுதான். மெல்லிய அரத்தால் ஆறு காடிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். அடுத்து, மேல்பலகையில் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் சிறு துண்டான சாடில். அதை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். சாடிலில் 1 மி.மீ. தேய்த்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மி.மீ.தான் இறங்கும். அதனால் தேய்ப்பது, மாட்டுவது, அளப்பது, மறுபடி தேய்ப்பது. கடைசியாகக் கையைக் கீறிக்கொண்டிருந்த ஃப்ரெட் முனைகளை மழுக்கி, தடித்த 12 கேஜ் கம்பிகளைக் கழற்றி மெலிந்த 10 கேஜ் போட்டுவிட்டார்.

கூலி 700 ரூபாய். கம்பி 450. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 4 மி.மீ. இருந்த இடைவெளி இரண்டரைக்கு வந்தது. அன்று இரவே எஃப் பேசியது. சுத்தமாக இல்லை, ஆனாலும் பேசியது. மூன்று மாதம் என் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

26,000 ரூபாய் கிடார் வந்தபோது கடையிலேயே இந்த வேலையெல்லாம் முடித்துத்தான் கொடுத்தார்கள். எடுத்தவுடன் வெண்ணெய். 'அடடா, காசு காசுதான்' என்று அன்று நினைத்தேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி வாசித்தபோது புரிந்தது, நான் மரத்துக்கு என்று நினைத்துக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு இந்த அரம் பிடித்த கைகளுக்கான கூலி. என் மனைவியை அடுத்த அறையில் உட்காரவைத்து எது எது என்று கேட்டேன். ஒலியை வைத்துச் சரியாகச் சொல்லிவிட்டாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்து நான் சொல்ல முயன்றபோது, வித்தியாசம் கண்டுபிடிக்கத் தடுமாறினேன். ஆரம்பக்காரருக்கு வேண்டியது இந்த இரண்டாவது சோதனையில் ஜெயிப்பதுதானே?

மரம் பெரிசா, வேலைப்பாடு பெரிசா என்ற பேச்சு வரும்போதெல்லாம் குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மேயை இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன். 1963இல் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அவரும் அப்பாவும் சேர்ந்து ஒரு எலக்ட்ரிக் கிடார் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், சுருதியை அசைக்கும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், ஃப்ரெட்போர்டுப் புள்ளிகளுக்குச் சட்டைப் பொத்தான். பிற்பாடு உலகம் முழுக்க மேடையேறியது அந்தக் கிடார்தான். ஆனால் அவர் அப்பா மின்னணுவியல் பொறியாளர், இருவரும் அதில் சுமார் இரண்டு வருஷம் உழைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலிவான பொருள், மலிவில்லாத வேலை. நம்மிடம் அந்த அப்பா இல்லை, ஆனால் 700 ரூபாய்க்கு மயிலாப்பூர் பெரியவர் இருக்கிறார்.

சரி, அப்படியானால் 26,000 ரூபாய் கிடாரை விற்றது ஏன்? சென்னை.

நான் இருப்பது திருவான்மியூர், கடல் நடக்கும் தூரம். சாலிட் டாப் என்றால் மேல்பலகை ஒரே மரத்தில் அறுத்தது. அதுதான் அந்த நல்ல ஒலிக்குக் காரணம், அதுதான் தலைவலியும். முழு மரம் ஈரக்காற்றில் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். இத்தகைய கிடார்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் ஊரில் காலையில் அது 70ஐத் தாண்டுவது சாதாரணம். பகலில் ஜன்னல் திறந்த வீடு, இரவில் ஏசி. பாவம், அந்தப் பலகை தினமும் உப்பிச் சுருங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாகத் தொப்பை போட்டது, கம்பி உயர்ந்தது, ஒலி மந்தமானது. பங்குனியில் தானாக இறங்கியது. இது பெரிய பழுது இல்லை, கவனித்துக்கொள்கிறவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பாக்கெட், ஒரு சின்ன ஈரமானி, வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டுவது. நானும் செய்தேன்.

அந்தப் பூட்டுதான் என்னைத் தோற்கடித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கொக்கிகளைத் திறந்து, பாக்கெட்டை எடுத்துவைத்து... பத்து நிமிஷம் வாசிக்க இவ்வளவா என்று தோன்றிவிடும். 4,500 ரூபாய் கிடாரோ ஹால் சுவரில் ஆணியில் தொங்கும். குக்கர் மூணு விசில் வருவதற்குள் எடுத்து நாலு கார்டு மாற்றிப் பழகலாம். அதன் மேல்பலகை லேமினேட்டட், அதாவது மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது. தகடுகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், உப்புவதும் சுருங்குவதும் குறைவு. ப்ளைவுட் கிடார் என்று வகுப்பில் கேலி செய்கிறார்களே, அந்த ப்ளைவுட்தான் நம் ஊர் வானிலைக்கு ஏற்றது. பதினான்கு மாதத்தில் எது அதிகம் வாசிக்கப்பட்டது என்று நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எதன் ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது. கடல்காற்றும் வியர்வையும் சேர்ந்து கம்பியைத் தின்றுவிடும். எனக்கு இரண்டு மாதத்தில் துரு தெரிந்துவிடுகிறது. வாசித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம், கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த விலைக் கிடாரையும் வைக்காதீர்கள். பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும்.

மறுவிற்பனையில் மலிவுக் கிடார் தோற்கும், ஒப்புக்கொள்கிறேன். 26,000 கொடுத்ததற்கு 17,000 கிடைத்தது. 4,500 ரூபாய் கிடாரை ஒருவர் 1,200க்குக் கேட்டார், சிரித்துவிட்டு வைத்துக்கொண்டேன். ஆனால் சதவீதத்தைப் பார்க்காமல் ரூபாயைப் பாருங்கள். ஒன்றில் போனது 9,000. இன்னொன்றைக் குப்பையில் போட்டாலே போவது 4,500.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. பத்தாயிரத்தை ஒட்டிய யமஹா எஃப் வரிசை, அதாவது எஃப்280, எஃப்310. எஃப்280 இந்தியாவிலேயே, சென்னைக்கு அருகில் இருக்கும் யமஹா தொழிற்சாலையில் தயாராவது. இவையும் லேமினேட்டட் மேல்பலகைதான், ஆகவே நம் காற்றைத் தாங்கும், விற்றால் ஆளும் கிடைக்கும். கையில் பணம் இருந்தால் தாராளமாக இதை வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பழைய கிடார் வாங்குவதும் நல்ல வழியாகவே படுகிறது, ஆனால் நான் வாங்கியதில்லை. எலக்ட்ரிக் பற்றியும் என் பேச்சை ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பருடையதை மூன்று வாரம் வைத்திருந்த அனுபவம்தான். கம்பி மெலிசு, விரலுக்கு இதம். ஆனால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிச் செலவு தனி, அபார்ட்மென்டில் கீழ் வீட்டு மாமியின் பொறுமை தனி.

மலிவுக் கிடார் எல்லாமே தேறும் என்று சொல்லவில்லை. பெரியவர் செய்த அந்த வேலையைத்தான் செட்டப் என்பார்கள், அதனால் காப்பாற்ற முடியாதவையும் உண்டு. ட்ரஸ் ராட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரொம்ப மலிவானவற்றில் சிலவற்றில் இருக்காது, கழுத்து வளைந்தால் கதை முடிந்தது. ஃப்ரெட்டுகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பதை போனில் இருக்கும், சுருதி பார்க்கும் இலவச ட்யூனர் செயலியே சொல்லும். ஒரு கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டுப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள், அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே வரவேண்டும். இலேசாக விலகினால் செட்டப்பில் சரியாகும். ரொம்பத் தள்ளிப் போனால், அதுவும் ஒவ்வொரு ஃப்ரெட்டில் ஒவ்வொரு விதமாகப் போனால், திருப்பி அனுப்பிவிடுங்கள். அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் ஆன்லைன் வேண்டாம், நேரில் போய் மடியில் வைத்துப் பாருங்கள் என்கிறேன். 1842இல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் முதல் உங்கள் பேட்டையில் இருக்கும் சின்னக் கடை வரை எங்கே போனாலும் சரி.

கம்பி உயரத்தை அளக்க அளவுகோல்கூட வேண்டாம். ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. எண்கள் புடைக்காத மூன்று அட்டைகளை அடுக்கினால் சுமார் 2.3 வரும். தடித்த கம்பிக்கும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே அந்த மூன்றும் உரசி நுழைந்தால் நல்ல உயரம். நான்கு சுலபமாக நுழைந்தால் செட்டப் தேவை. நட்டுக்கு இன்னொரு சோதனை: மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். அங்கே தலைமுடி அளவு இடைவெளிதான் தெரிய வேண்டும்.

டீக்கடை பெஞ்சிலேயே பையனின் கிடாரை வாங்கி, என் பர்ஸிலும் அவன் பர்ஸிலும் இருந்த அட்டைகளை அடுக்கி நுழைத்துப் பார்த்தேன். ஐந்து போனது. சனிக்கிழமை மயிலாப்பூர் போகிறோம். கம்பிச் செலவு அவனுடையது, கூலி என்னுடையது.