இரவுக் காவலுக்கும் இலக்குத் தாளுக்கும் ஒரே ஸ்கோப்: எதை வாங்கலாம்?

ரைபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதன் பெட்டியின் மேல் 3-9×40, 4-12×50, 6-24×50 என்று எண்கள் அச்சடித்திருக்கும். 3-9 என்றால் 3லிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும், அதைத்தான் பவர் என்கிறோம். 40 என்பது முன் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். வாங்க வருபவர் கண் பெரும்பாலும் நடுவில் இருக்கும் பெரிய எண்ணில்தான் நிற்கும். "24 பவரே இருக்கும்போது 9 எதுக்குத் தம்பி?" என்று சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், அதற்கும் உரிமம் வேண்டும். காட்டுப்பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமமும் வேண்டும். எந்த ஆயுதம், எந்த இடம், எந்த நேரம் என்று உரிமத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் எல்லை. 1948 ஜூனில் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைகள் சுடப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் வந்தது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற விதியும் அந்தக் காலத்தில் வந்ததுதான். துப்பாக்கி விஷயத்தில் இந்த ஊர் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இனி வருவதெல்லாம் உரிமம் கையில் உள்ளவருக்கு.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ரைபிளில் இரண்டு வேலை இருக்கும். மறுநடவு செய்த செம்பனைக் கன்றின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்னாமல் ராத்திரி காவல் இருக்க வேண்டும், விடுமுறை நாளில் கிளப்பில் தாளைச் சுட வேண்டும். இருட்டில் வேண்டியது அகலமான காட்சியும் வெளிச்சமும். தாளுக்கு வேண்டியது பெரிதாக்கும் சக்தியும், குறியை நகர்த்தும் துல்லியமான திருகுகளும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். அதனால்தான் முதலில் சின்ன எண்ணைப் பாருங்கள் என்கிறேன். ஸ்கோப் எவ்வளவு கீழே இறங்கும் என்பதுதான் ராத்திரியில் கைகொடுக்கும்.

தோட்டத்தில் தூரம் அதிகமில்லை. செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். மரம் வளர்ந்துவிட்டால் தொங்கும் மட்டைகள் பார்வையை மறைத்துவிடும். ராத்திரியில் தெளிவாகத் தெரியும் தூரம் பெரும்பாலும் 25லிருந்து 60 மீட்டருக்குள்தான். 3 பவரில் ஒரு சாதாரண ஸ்கோப் 100 மீட்டரில் சுமார் 11 மீட்டர் அகலம் காட்டும். அதுவே 30 மீட்டரில் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். 6 பவரில் அது ஒன்றரை மீட்டரை ஒட்டிச் சுருங்கிவிடும். வளர்ந்த பன்றியின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். வட்டம் முழுக்க ரோமம் தெரியும், தலை எந்தப் பக்கம் என்று தெரியாது. 6-24×50 வாங்கியவருக்கு 6க்குக் கீழே இறங்க வழியே இல்லை.

அடுத்தது வெளிச்சம். முன் லென்ஸின் விட்டத்தைப் பவரால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40ஐ 6ஆல் வகுத்தால் 6.7 மி.மீ., 9ஆல் வகுத்தால் 4.4. 50ஐ 24ஆல் வகுத்தால் வெறும் 2.1. இளவயதில் இருட்டில் கண்பாவை 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். 24 பவரில் ராத்திரி பார்த்தால் கரும்படலம்தான் மிஞ்சும். 6 பவரில் அதே ஸ்கோப் 8.3 மி.மீ. தருவதால் வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது, அங்கே குறை காட்சியின் அகலத்தில்தான். இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். அறுபது வயதுக்காரருக்கு 8 பவரில் 40 மி.மீ. லென்ஸே அவர் கண் ஏற்கும் அளவு வெளிச்சத்தைக் கொடுத்துவிடும். அதற்கு மேல் பெரிய லென்ஸுக்குக் காசு கொடுப்பதில் அவருக்குப் பெரிய லாபம் இல்லை.

இந்த இடத்தில் 3-12×56 பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் "ராத்திரிக்கு இதுதான் ராஜா" என்று பலர் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் அது உண்மை. ஜெர்மனியில் செயற்கை விளக்கு போட்டு வேட்டையாட நெடுங்காலம் தடை இருந்தது. நிலா வெளிச்சத்தில், வயலோரப் பரணில் உட்கார்ந்து பன்றிக்குக் காத்திருப்பவருக்காக வளர்ந்தவைதான் 8×56, 3-12×56 போன்ற அளவுகள். நம் செம்பனை நிழலுக்குள் நிலா இறங்காது. நாம் டார்ச் போட்டுத்தான் பார்க்கிறோம், டார்ச் போட்டபின் 56க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். பெரிய முன் லென்ஸ் குழலில் இடிக்காமல் இருக்க ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கை உயரமாகப் போட வேண்டும். அப்போது கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது, தலை தூக்கியே நிற்கும். எடையும் கூடும். கண்ணாடி அருமையானது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் நம் இருட்டு வேறு மாதிரி.

1-6×24 இதற்கு நேர் எதிர். 1 பவரில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே பார்க்கலாம். கிட்டத்தில் ஓடும் பன்றிக்கு இதைவிட வேகமானது கிடையாது. 4 பவரில் 6 மி.மீ. ஒளிவட்டம் தரும் என்பதால் ராத்திரிக்கும் போதும். ஆனால் 50 மீட்டர் தாளில் 6 பவர் திருப்தி தராது. தாள் சுடுவது எப்போதாவதுதான் என்றால் இதை யோசிக்கலாம்.

மீதி 3-9×40ம் 4-12×50ம். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்.

3-9×40 பல ஆண்டுகளாக வேட்டைக்காரர்களின் முதல் தேர்வு. லென்ஸ்கள் குறைவு, எடை குறைவு, உடையக்கூடிய பாகங்களும் குறைவு. லியுபோல்டின் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 சுமார் 350 கிராம்தான். ஒரே விலையில் 3-9போல் 3 மடங்கு ஜூம் உள்ள ஸ்கோப்பில் கிடைக்கும் கண்ணாடித் தரம், 3-12, 6-24போல் 4 மடங்கு ஜூம் உள்ளதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பணம் ஜூமுக்குப் போய்விடும். நிக்கான் 2019இல் ரைபிள் ஸ்கோப் தயாரிப்பை நிறுத்திவிட்டது, ஆனாலும் பழைய நிக்கான் 3-9 நல்ல நிலையில் கைமாறினால் இன்றும் பார்க்கத் தகுந்ததுதான்.

இதன் பலவீனம் பாரலாக்ஸ். கண்ணைச் சற்று நகர்த்தினால் ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரியுமே, அதுதான். இந்த ரகத்தில் பலவும் 100 கஜத்துக்கு நிரந்தரமாக அமைக்கப்பட்டவை. 25, 50 மீட்டரில் கண் நடுவில் இல்லாவிட்டால் சில மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பன்றிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தாளுக்குப் பொருட்டுதான். ஒரு விஷயம் மட்டும்: கிளப்பில் ஐஎஸ்எஸ்எஃப் (அனைத்துலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனம்) விதிப்படி நடக்கும் 50 மீட்டர் ரைபிள் போட்டிக்குத் தயாராகிறவருக்கு ஸ்கோப்பே தேவையில்லை. அதன் பத்தாம் வளையம் 10.4 மி.மீ.தான், இருந்தும் அந்தப் போட்டியில் தொலைநோக்கிக் குறிகாட்டிக்கு அனுமதி கிடையாது. நான் சொல்வது பெஞ்சில் தாங்கி வைத்துச் சுடும் தாள் வேலைக்கு.

அந்த வேலைக்கு 4-12×50 முந்துகிறது. இந்த ரகத்தில் பலவற்றில் பாரலாக்ஸைத் திருத்தும் வளையம் முன் லென்ஸிலோ, ஒரு குமிழ் பக்கவாட்டிலோ இருக்கும். பக்கவாட்டுக் குமிழே நல்லது, இருட்டில் தலையைத் தூக்காமல் இடது கையால் திருப்பிவிடலாம். 12 பவரில் பாயின்ட் 22 (0.22 அங்குல) தோட்டாவின் துளை 50 மீட்டரில் வெள்ளைத் தாளில் தெளிவாகத் தெரியும், கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால் மட்டும் சிரமம். 4 பவரில் 30 மீட்டரில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் அகலம் கிடைக்கும். 3 பவர் அளவு தாராளம் இல்லை, ஆனால் சமாளிக்கலாம். திருகின் ஒரு சொடுக்கு எவ்வளவு நகர்த்தும் என்பதை எம்ஓஏ, மில் என்ற கோண அளவுகளில் சொல்வார்கள். கால் எம்ஓஏ கிளிக் என்றால் 50 மீட்டரில் ஒரு சொடுக்குக்கு 3.6 மி.மீ. நகரும். 0.1 மில் கிளிக் என்றால் 5 மி.மீ. சென்டிமீட்டரில் யோசித்துப் பழகிய நமக்கு மில் கணக்கு சுலபம்.

"30 மி.மீ. குழாய் என்றால் வெளிச்சம் அதிகம்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். அகலக் குழாய் முக்கியமாகத் தருவது திருகுக்குக் கூடுதல் இடம். வெளிச்சத்தைக் காப்பது பூச்சு. பூசாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்பு தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மக்குலா கண்டுபிடித்த பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சுதான் இந்த இழப்பைக் குறைத்தது. பெட்டியில் "ஃபுல்லி மல்டி-கோட்டட்" என்று இருக்கிறதா பாருங்கள். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்று பொருள்.

குறிக்கோடு எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். ஜூம் லென்ஸுக்கு முன்னால் இருப்பது முதல் தளம், பின்னால் இருப்பது இரண்டாம் தளம். முதல் தளத்தில் இருந்தால் பவரோடு சேர்ந்து கோடும் பெரிதாகும், சிறிதாகும். தாளுக்கு அது வசதி. ராத்திரி கீழ் பவரில் கோடு நூலாகி இருட்டில் காணாமல் போய்விடும். நம் உபயோகத்துக்கு, கோட்டின் அளவு மாறாத இரண்டாம் தளமே சரி. நடுவில் சின்ன ஒளிப்புள்ளி இருந்தால் நல்லது, ஆனால் அதன் மிகக் குறைந்த அளவு எவ்வளவு மங்கல் என்று இருட்டறையில் பார்த்து வாங்குங்கள். பிரகாசமான சிவப்புப் புள்ளி பன்றியையே மறைத்துவிடும்.

டிஜிட்டல் நைட் விஷனும் தெர்மலும் இப்போது எல்லார் வாயிலும் இருக்கின்றன. டிஜிட்டலில் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு தூரம் போகும், ஆனால் மெல்லிய சிவப்பாகத் தெரியும். 940 தெரியாது, தூரமும் குறைவு. தெர்மல் சூட்டை மட்டும் காட்டும், நிறத்தைக் காட்டாது. நம் காட்டோரத் தோட்டங்களில் இதுதான் எனக்குப் பெரிய கவலை. தப்பிர் என்னும் காட்டு விலங்கு முழுப் பாதுகாப்பில் உள்ளது. வளர்ந்த தப்பிரின் வெள்ளை முதுகு டார்ச்சில் உடனே தெரியும், தெர்மலில் அந்த வெள்ளை தெரியாது. தப்பிர்க் குட்டிக்கும் பன்றிக்குட்டிக்கும் உடம்பில் கோடுகள் உண்டு. நல்ல கண்ணாடி, குறைந்த பவர், அகலமான காட்சி இருந்தால்தான் எது என்று நிதானமாகப் பார்க்க முடியும்.

அதைவிடப் பெரியது மனிதர். பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலைவிளக்கோடு நிரைக்குள் இறங்குகிறார்கள். ஸ்கோப்பை வைத்துத் தேடவே கூடாது. ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் குழல் முனையும் திரும்பும். தேடுவதற்கு டார்ச்சும் பைனாகுலரும். விலங்கையும் அதன் பின்னால் இருப்பதையும் உறுதி செய்துகொண்ட பிறகுதான் கண் ஸ்கோப்புக்குப் போக வேண்டும். ஒரு ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு விலை குறைந்த ஸ்கோப்பும், மீதிக்கு 7×50 பைனாகுலரும் வாங்கினால்கூட நான் ஆதரிப்பேன்.

நம் ஊர் ஈரத்தில் எந்த ஸ்கோப்புக்கும் எதிரி பூஞ்சை. உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பியதாக இருக்க வேண்டும். அந்த வாயு உள்ளே பனி படியாமல் காக்கும், வெளி லென்ஸைக் காக்காது. ஏர்கோன் காரிலிருந்து இறக்கியவுடன் வெளியே மூடுபனி படியும். கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வீட்டில் உறைக்குள் பூட்டி வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள்.

என் தேர்வு இதுதான். காவல் வேலை அதிகம், தாள் எப்போதாவது என்றால் நல்ல பூச்சுள்ள 3-9×40, அதிகமாகச் செலவழிக்க வேண்டாம். இரண்டும் சரிபாதி என்றால் பக்கவாட்டுப் பாரலாக்ஸ் உள்ள 4-12×50. இளம் வயது, வசதியும் உண்டு, மறுநடவுத் திடலில் நிலா வெளிச்சத்தில் காத்திருப்பவர் என்றால் மட்டும் 3-12×56. 6-24×50 தாளுக்கு மட்டும் என்று தனி ரைபிள் வைத்திருப்பவருக்கு.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டு, அந்தி மசங்கும் நேரத்தில் பிடித்த இரண்டு ஸ்கோப்புகளை மட்டும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டையும் 6 பவரில் வைத்து, தெருமுனைப் பலகையின் எழுத்தை ஒரே கண்ணால் மாறிமாறிப் படியுங்கள். எது கடைசிவரை படிக்க விடுகிறதோ அதையே எடுங்கள். பொருத்திய பிறகு உரிமம் பெற்ற தளத்தில் 50 மீட்டருக்குச் சுழியமிடுங்கள், அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா படும்படி திருகை அமையுங்கள். பாயின்ட் 22க்கும் தோட்டத்துத் தூரத்துக்கும் அது போதும்.