லாலிபெலா: ஜார்ஜ் சர்ச்சா, மெதானே அலெமா?

எத்தியோப்பியா போறப்ப, பாறையில செதுக்குன சர்ச்சுகள் இருக்குற லாலிபெலா ஊருக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியுதுன்னா, அதுக்குள்ள 11 சர்ச்சையும் பார்த்துடலாம்னு நினைச்சா கால் கழண்டுடும். அதனால ஜார்ஜ் சர்ச், மெதானே அலெம் சர்ச், இந்த ரெண்டுல எதுன்னு பார்ப்போம்.

வெளித்தோற்றம்: ஜார்ஜ் சர்ச்தான், போட்டியே இல்ல. கட்டுனது இல்லங்க, சிவப்பு எரிமலைப் பாறைய மேலருந்து கீழ செதுக்கிட்டே இறங்கியிருக்காங்க, அதனால கூரை நம்ம கால் மட்டத்துல இருக்கு, அதுல ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு சிலுவை. கிட்ட போற வரைக்கும் அங்க ஒரு சர்ச் இருக்குறதே தெரியாது!

உள்ள: ஜார்ஜ் சின்னது, இருட்டு. மெதானே அலெம் 33 மீட்டர் நீளம், வரிசையா தூணு, எல்லாம் ஒரே பாறை.

போட்டோ: மெதானே அலெம் மேல மழைக்காக ராட்சச ஷெல்டர் போட்டிருக்காங்க, கல்லுக்கு நல்லது, கண்ணுக்கு உறுத்தல்.

நடை: ஜார்ஜ் தனியா தள்ளி இருக்கு, குறுகலான பள்ளத்துல இறங்கணும்.

செருப்பு ரெண்டுலயும் கழட்டணும். சாக்ஸ் போட்டுக்கங்க, கார்ப்பெட்ல தெள்ளுப்பூச்சி கடிக்கும்.

செதுக்கு வேலை, போட்டோன்னா ஜார்ஜ். முட்டிவலி இருக்கு, உள்ள நின்னு நிதானமா பாக்கணும்னா மெதானே அலெம். என் ஓட்டு ஜார்ஜுக்கு, அதுவும் சாயங்கால வெயில்ல.