திருத்தி வந்த டிஷ்வொஷரின் அடித்தட்டைப் பாருங்கள்: திருகோணமலை வாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், டிஷ்வொஷர் ஆகியவற்றை வீட்டுக்கே வந்து திருத்தித் தருவதாக விளம்பரம் செய்துவரும் ஒரு திருத்தகம், எங்கள் வீட்டு டிஷ்வொஷரில் செய்துவிட்டுப் போன வேலையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மாற்றாத பாகங்களுக்குப் பணம் வாங்கினார்கள் என்பது மட்டுமாக இருந்திருந்தால், முறைப்பாட்டோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நீர் கசிந்தால் இயந்திரத்தை நிறுத்துவதற்கென்றே அடியில் வைக்கப்பட்டிருக்கும் பாதுகாப்பு ஆளியை அவர்கள் செயலிழக்கச் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். இதே வேலையை வேறு வீடுகளிலும் செய்திருக்கக்கூடும். செய்திருந்தால், திரையில் எந்தக் குறியும் வராது என்பதால் அந்த வீட்டுக்காரருக்குத் தெரிய வழியே இல்லை.

எங்கள் இயந்திரம் கொழும்பில் வாங்கியது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. விற்றவர்களின் சேவை நிலையம் 260 கிலோமீற்றர் அளவு தூரத்தில் இருப்பதால், ஒரு திருத்துநரை இங்கே அனுப்புவதற்கு அவர்கள் கேட்ட போக்குவரத்துச் செலவே பெரிதாக இருந்தது. அம்மாவுக்கு விரல்களில் மூட்டுவாதம்; இயந்திரம் நின்றால் குசினி வேலையே நின்றுவிடும். இந்த அவசரத்தைத்தான் இப்படிப்பட்ட திருத்தகங்கள் வைத்துப் பிழைக்கின்றன.

முதலில் வந்த கோளாறு மிகச் சாதாரணமானது. கழுவி முடித்த பின்னரும் அடியில் கலங்கல் நீர் தேங்கி நின்றது. திரையில் ஈ24 என்ற குறி தோன்றியது. எங்கள் இயந்திரத்தில் அதன் பொருள் கழிவுநீர் வெளியேறவில்லை என்பதே. (இந்தக் குறிகள் கம்பனிக்குக் கம்பனி மாறும், உங்கள் இயந்திரத்தின் கைநூலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) வந்த திருத்துநர் வடியைக் கழற்றினார், அதன் கீழே இருந்த பம்பு மூடியை நெம்பி எடுத்தார், உள்ளிருந்த சிறு சுழலியை விரலால் சுற்றிக் காட்டினார். அது தடங்கித் தடங்கி நகர்ந்தது. “பாருங்கோ அம்மா, இறுகிப்போச்சு. மோட்டார் எரிஞ்சிட்டுது. மோட்டார் எரிஞ்சதில போர்டும் போயிருக்கும்” என்றார். போர்டு என்று அவர் சொன்னது இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகையை.

இந்த விரல் வித்தையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். டிஷ்வொஷர்களில் பெரும்பாலும் பொருத்தப்படும் கழிவுநீர் பம்பின் சுழலியில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது அதைக் கையால் சுற்றினால், காந்தம் தன்னைச் சூழ்ந்த இரும்புத் துருவங்களால் இழுபட்டு ஓரிடத்தில் நிற்கும், சற்று அழுத்தினால் துள்ளி அடுத்த இடத்துக்குப் போகும். கடையில் புதிதாக வாங்கிய பம்பும் அப்படித்தான் நகரும். அதை இறுகிய மோட்டார் என்று காட்டுபவர் ஒன்றில் தொழில் தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறவர். உண்மையில் பம்பு எரிந்திருக்கிறதா என்று அறிய மீற்றர் வைத்து அதன் சுருளின் தடையை அளக்கவேண்டும். அது துண்டிக்கப்பட்டிருந்தால் உடனே தெரிந்துவிடும். போர்டைப் பொறுத்தமட்டில், திரை எரிகிறது, பொத்தான்கள் வேலை செய்கின்றன, கோளாறுக் குறியும் ஒழுங்காக வருகிறது என்றால் போர்டு முழுவதும் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பம்புக்கு மின்சாரம் விடும் பகுதி மட்டும் கெடுவது உண்டுதான். அதையும் அளந்தே சொல்லவேண்டும். அன்று வந்தவர் தமது பையிலிருந்து மீற்றரை எடுக்கவேயில்லை.

இயந்திரத்தைத் தமது திருத்தகத்துக்கு ஏற்றிப் போனார்கள். திருப்பிக் கொண்டுவந்தபோது பம்புக்கு 24,500 ரூபாய், போர்டுக்கு 48,000 ரூபாய், கூலி 8,000 ரூபாய் என்று வாயால் கணக்குச் சொல்லி, பற்றுச்சீட்டில் “பாகங்களும் வேலையும் 80,500” என்று ஒரே வரியில் எழுதித் தந்தார்கள். பழைய பாகங்களைக் கேட்டபோது, அவை கழிவுக்குப் போய்விட்டன என்றார்கள். இயந்திரம் என்னவோ ஓடியது. நீரும் ஒழுங்காக வெளியேறியது.

சில நாட்களின் பின்னர் ஈ15 என்ற குறி வந்தது. இயந்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, கழிவுநீர் பம்பை மட்டும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குறியின் பொருள், இயந்திரத்தின் அடித்தட்டில் நீர் சேர்ந்திருக்கிறது என்பது. உள்ளே எங்கேனும் கசிவு ஏற்பட்டால் அந்த நீர் நேரே தரைக்கு வராமல் அடித்தட்டில் விழுகிறது. அங்கே ரெஜிபோமால் செய்த ஒரு மிதவை நீரோடு மேலெழுந்து ஒரு சிறு ஆளியை அழுத்துகிறது. ஆளி அழுந்தியவுடன் இயந்திரம் புதிய நீரை உள்ளே விட மறுத்து, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றத் தொடங்குகிறது. மிக எளிமையான ஏற்பாடு, ஆனால் வீட்டில் ஆள் இல்லாத வேளையில் குசினியை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவது இதுதான். மறுபடியும் அதே திருத்துநரை அழைத்தோம். அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்து, “சென்சர் பிழை, சரிப்பண்ணியாச்சு” என்று சொல்லி 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். குறி போய்விட்டது.

அதன் பின்னர் நடந்ததைக் கவனமாக வாசியுங்கள். ஓர் இரவு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றது. போய்ப் பார்த்தால் இயந்திரத்தின் கீழிருந்து நீர் பரவி மாபிள் தரை முழுவதும் நின்றது. அம்மா வெறுங்காலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். 30 மில்லி அம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் அந்த ட்ரிப் சுவிட்ச் அன்று ஒழுங்காக வேலை செய்ததால் நான் இதை அமைதியாக எழுத முடிகிறது. பழைய வீடுகளில் அது இல்லாமலும், இருந்தும் பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்க்கப்படாமலும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழவேண்டும். விழாவிட்டால் டிஷ்வொஷர் மட்டுமன்று, வேறெந்த நீர் இயந்திரத்தையும் அந்த வீட்டில் நம்பிப் பாவிக்க இயலாது.

இயந்திரத்தைப் பார்க்க வந்தவர் துறைமுகத்தில் மின்னியலாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். மின்சாரத்தைத் துண்டித்து, நீர்க் குழாயை மூடி, கீழ்ப்பலகையைக் கழற்றி, டோர்ச்சை அடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மிதவை ஒரு பிளாஸ்டிக் பட்டியால் அடித்தட்டோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. நீர் எவ்வளவு ஏறினாலும் அது எழ முடியாது. “தம்பி, இவர் லீக்கைத் தேடயில்லை. மிஷின்ட வாயைக் கட்டிப்போட்டுப் போயிருக்கிறார்” என்றார் அவர்.

கசிவு எங்கே என்று அவர் தேடியதில் மற்றக் கதையும் வெளிவந்தது. கழிவுநீர் பம்பு பொருந்தும் இடத்திலுள்ள இறப்பர் வளையம் முறுகி, ஒரு பக்கம் வெளியே பிதுங்கியிருந்தது. அதாவது பம்பைக் கழற்றியவர்கள் திருப்பிப் பூட்டும்போது வளையத்தைச் சரியாக இருத்தவில்லை. பூட்டியிருந்ததும் புதிய பம்பு அன்று. அதன் ஒட்டுத்தாளில் இருந்த தயாரிப்புத் திகதி இயந்திரத்தின் தயாரிப்புக் காலத்தோடு ஒத்துப்போனது. சுழலியின் இறக்கைகளில் கடித்த தடங்கள் இருந்தன. அருகிலிருந்த பள்ளத்தில் நண்டு ஓட்டின் சிறு சில்லு ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. ஆகவே முதல் கோளாறுக்குக் காரணம் நண்டு ஓடு. அதை எடுத்துவிட்டு, எடுத்ததைச் சொல்லாமல், அதே பம்பைப் பூட்டி, புதிய பம்பின் விலையை வாங்கியிருக்கிறார்கள். திருகோணமலை வீடுகளில் நண்டுக் கறி வைக்காத வாரம் அரிது என்பதால், பம்பு மூடிக்குள் முதலில் தேடவேண்டியது இதைத்தான் என்பது அந்தத் திருத்துநருக்கும் தெரிந்திருக்கும்.

போர்டு மாற்றப்படவில்லை என்பதை நான் வேறு வழியில் அறிந்தேன். எங்கள் கிணற்று நீருக்கேற்ப நீரின் கடினத்தன்மை அளவை இயந்திரத்தில் நானே கூட்டி அமைத்திருந்தேன். அந்த அமைப்பு போர்டின் நினைவகத்தில் இருப்பது. புதிய போர்டு போட்டிருந்தால் அது தொழிற்சாலை அளவுக்குத் திரும்பியிருக்கும். பார்த்தபோது நான் வைத்த அளவே இருந்தது. போர்டு இருந்த பெட்டியின் கொக்கிகளில் தூசு கூடக் கலையவில்லை என்று பெரியவர் காட்டினார். இயந்திரத்தை வெளியே அனுப்ப நேர்ந்தால், அனுப்புமுன் பம்பின் ஒட்டுத்தாளையும் போர்டின் இலக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதே திருத்தகம் “இறக்குமதி செய்த மெஷின் உப்பு” என்று சொல்லி, பெயர் எழுதாத ஒரு பொதியையும் எங்களுக்கு விற்றது. அது சந்தையில் விற்கும் கல்லுப்பு என்பது கரைத்துப் பார்த்தபோது அடியில் படிந்த மண்ணிலிருந்தே விளங்கியது. டிஷ்வொஷரின் உப்புக் கலத்துக்கு ஏறக்குறையத் தூய சோடியம் குளோரைட்டே போடவேண்டும்; நீரிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் பிசின் மணிகளைத் துப்புரவாக்கி மறுபடி வேலைக்குத் தயாராக்குவது அந்த உப்பின் சோடியம். கடலுப்பிலேயே மக்னீசியமும் மண்ணும் இருந்தால் நோக்கமே கெட்டுப்போகும். மேசை உப்பும் அதன் கட்டிபடாமல் தடுக்கும் சேர்க்கைகளால் பொருந்தாது. உரிய உப்பைக் கொழும்பிலிருந்து தருவிக்க விலை சற்றுக் கூடத்தான்.

ஈ24 போன்ற நீர் தேங்கும் கோளாறு வந்தால், திருத்துநரை அழைக்குமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, தேங்கிய நீரை ஸ்பொஞ்சால் ஒற்றி எடுங்கள். வடியைக் கழற்றி வெந்நீரில் மென்மையான தூரிகையால் கழுவுங்கள். தேங்காய்ப்பூவும் கறிவேப்பிலையும் கடுகும் நுண்வலையில் அடைந்திருக்கும். பல இயந்திரங்களில் பம்பு மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுக்கலாம். உள்ளே கையை விடும்போது உடைந்த கண்ணாடி கிடக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். மூடியைத் திருப்பி வைக்கும்போது அது ‘டிக்’ என்று பூட்டவேண்டும். பூட்டாவிட்டால் பம்பு ஓடியும் நீர் போகாது. பின்னால் உள்ள கழிவு ஹோஸ் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்றும், அது சிங்கின் குழாயோடு சேரும் இடத்தில் தேங்காய்ப்பால் கொழுப்பு உறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எப்போதும் குறைந்த வெப்பத்தில் கழுவும் வீடுகளில் இந்தக் கொழுப்பு அதிகம். இடைக்கிடை 65 அல்லது 70 பாகையில் ஒரு முறை ஓடவிட்டால் குறையும்.

அடித்தட்டில் நீர் என்ற குறி வந்தாலோ கதை வேறு. பிளக்கைக் கழற்றி, நீர்க் குழாயை மூடி, தட்டை உலரவைத்த பின் குறி போய்விடலாம். கைகழுவும் திரவத்தையோ சாதாரணப் பாத்திரச் சவர்க்காரத்தையோ போட்டதால் நுரை பொங்கி வழிந்திருந்தால் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் மறுபடி குறி வந்தால் பெரும்பாலும் கசிவு இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். அப்போது வருபவர் எந்தக் குழாயிலிருந்து, எந்த வளையத்திலிருந்து கசிகிறது என்று உங்களுக்குக் காட்டவேண்டும். காட்டாமல் “சென்சர் பிழை” என்று சொன்னால், அவர் போகுமுன் கீழ்ப்பலகையைக் கழற்றச் சொல்லி, மிதவை தானாக எழுந்து விழுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் செலவு பெரியவரின் கூலியும் ஓர் இறப்பர் வளையமும்தான். கூலியைக்கூட நாங்கள் வற்புறுத்திய பின்னரே அவர் வாங்கினார். கட்டிய பட்டியை அறுத்து என்னிடம் தந்தார். அதைப் படங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முதலில் அழைத்தேன். பின்னர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருள்களை மட்டுமன்றிச் சேவைகளையும் உள்ளடக்குகிறது. உரிய கவனத்துடனும் திறமையுடனும் சேவை வழங்கப்படவேண்டும் என்பது அச்சட்டத்தில் உள்ளது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பதால், “நாளைக்கு வந்து பார்க்கிறேன்” என்று திருத்தகம் இழுத்தடிப்பதை நம்பிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். ஒரே வரிப் பற்றுச்சீட்டு எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. பாகத்தின் பெயரும் இலக்கமும் தனித்தனி விலையும் எழுதாத பற்றுச்சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முறைப்பாடு போனதை அறிந்த திருத்தக உரிமையாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, 87,000 ரூபாயில் போர்டின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகவும், மிதவை பற்றிய பகுதியை நான் எடுத்துவிடவேண்டும் என்றும் சொன்னார். தம்மிடம் வேலை செய்யும் பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்றார். எங்கள் வீட்டுக்கு இரண்டு முறையும் வந்தவரோ நரைத்த மனிதர். பணம் முழுவதையும் தந்தாலும் அந்தப் பகுதியை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் திருத்திய இயந்திரம் வேறு யார் வீட்டிலாவது இருந்தால், இன்றைக்கே பிளக்கைக் கழற்றிவிட்டு அடித்தட்டைப் பாருங்கள்; கட்டு இருந்தால் அறுக்குமுன் படம் எடுத்துவிட்டு, நீங்களும் அதிகாரசபைக்கு எழுதுங்கள்.