எஸ்.பி. ரோடு பொருட்களில் ஒரு டி சாட்டி பிரிட்ஜ்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஆயிரம் ரூபாய்க்குள் மல்டிமீட்டரே கெபாசிட்டன்ஸ் காட்டும் காலத்தில், தெரிந்த கெபாசிட்டரோடு ஒப்பிட்டு அளக்கும் டி சாட்டி பிரிட்ஜ் எதற்கு என்று கேட்பார்கள். மலிவான மீட்டர்கள் பெரும்பாலும் சார்ஜ் ஆகும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. கசிவுள்ள கெபாசிட்டர் அவற்றில் நல்ல கெபாசிட்டரைவிடப் பெரியதாகவே தெரியும். பிரிட்ஜ் அளவைத் தனியாகவும் இழப்பை (கெபாசிட்டருக்குள் வீணாகும் ஆற்றலை) தனியாகவும் சொல்லும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பழைய ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவருக்கு அது பெரிய வித்தியாசம்.

அமைப்பு எளிது. இடது காலில் மேலே R1 ரெசிஸ்டர், கீழே அளக்க வேண்டிய கெபாசிட்டர் Cx. வலது காலில் மேலே R2, கீழே மதிப்பு தெரிந்த ஸ்டாண்டர்ட் கெபாசிட்டர் Cs. அதோடு தொடராக ஒரு சிறிய ரெசிஸ்டன்ஸ் rs. மேலிருந்து கீழாக 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், நடுப்புள்ளிகளுக்கு இடையே டிடெக்டர், அதாவது மிஞ்சும் சிக்னலைச் சத்தமாகக் கேட்க ஒரு இயர்ஃபோன். சத்தம் அடங்கும் சமநிலையில் Cx = Cs × R2 / R1. R2-வுக்கு 10 கிலோஓம் பத்துச் சுற்று பொட்டும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) எண் டயலும் போட்டு R1-ஐ 10 கிலோஓமாக வைத்தால், Cs 0.1 மைக்ரோஃபாரட் என்கிறபோது டயல் 4.73 என்றால் 47.3 நானோஃபாரட். கால்குலேட்டர் வேண்டாம்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பத்துச் சுற்று பொட் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் நேர்கோட்டுத்தன்மை 0.25% இருந்தாலும் மொத்த ரெசிஸ்டன்ஸ் 5% வரை விலகும். அதனால் R1-க்கு நேராக 10 கிலோஓம் போடக்கூடாது. 9.1 கிலோஓம் மெட்டல் ஃபிலிமும் 2 கிலோஓம் டிரிம்மரும் தொடராகப் போட்டு, பொட்டின் முழு மதிப்புக்குச் சமமாகத் திருகி வைக்க வேண்டும். டயலில் 1-க்குக் கீழே படிப்பதை நம்ப வேண்டாம். அதற்குப் பதில் Cs அல்லது R1-ஐ மாற்றி ரேஞ்ச் மாற்றுங்கள்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் Cs. 10 நானோவுக்கு C0G (நிலையான செராமிக் வகை), 0.1 மைக்ரோவுக்குப் பாலிப்ரோப்பிலின். 104 (0.1 மைக்ரோ) என்று அச்சிட்ட சாதாரண செராமிக்கை ஸ்டாண்டர்டாக வைத்தால் கதை முடிந்தது. X7R வகை செராமிக் வயதாக ஆகக் குறையும். மலிவான Y5V விரல் சூட்டுக்கே நகரும். இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். பிரிட்ஜைச் சமநிலைக்குக் கொண்டுவந்து அமைதியாக்கிவிட்டு Cx-ஐ விரலால் பிடியுங்கள். சத்தம் ஏறினால் அந்த செராமிக்கை ஃபில்டர் சர்க்யூட்டில் வைக்காதீர்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் தடுமாறுவது எர்த்தில். ஜெனரேட்டரின் கறுப்பு வயரும் ஆசிலோஸ்கோப்பின் கிளிப்பும் மெயின்ஸ் எர்த் வழியாக ஒன்றே. இரண்டையும் பிரிட்ஜில் மாட்டினால் அதன் நான்கு பகுதிகளில் ஒன்று ஷார்ட் ஆகிவிடும், எவ்வளவு திருகினாலும் நல் (சத்தம் அடங்கும் நிலை) வராது. ஜெனரேட்டருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே 600:600 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, R2-வும் Cs பக்கமும் சேரும் புள்ளியை எர்த் செய்யுங்கள். வயர்களின் உபரிக் கெபாசிட்டன்ஸ் அப்போது பெரிய Cs மேலும் டிடெக்டர் மேலும் விழுந்து, அளவை அதிகம் கெடுக்காது. Cx-ன் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள சில பிக்கோஃபாரட் மட்டும் மிஞ்சும்.

டிடெக்டருக்கு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் இயர்ஃபோனும் போதும். 32 ஓம் இயர்ஃபோனை நேரடியாக மாட்டினால் சத்தம் மிகக் குறைவாக இருக்கும். R2-வைத் திருகிச் சத்தத்தைக் குறைத்து, rs-ஐத் திருகி இன்னும் குறைத்து, மறுபடி R2. இழப்பு அதிகமானால் இந்த மாறி மாறித் திருகல் நீளும். அடிப்படைச் சத்தம் மறைந்த பிறகும் மெல்லிய விசில் கேட்டால், அது ஆசிலேட்டரின் ஹார்மோனிக். மின்கடத்தாப் பொருளின் இழப்பு நிலையான ரெசிஸ்டன்ஸ் போல நடக்காததால் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே சமயத்தில் சமநிலை வராது. சுத்தமான சைன் அலைதான் மருந்து.

இழப்பின் அளவான டேன் டெல்டா = 2πf × Cs × rs (f என்பது சிக்னலின் அதிர்வெண்). Cs 0.1 மைக்ரோ, rs 16 ஓம் என்றால் 0.01. பாலியெஸ்டர் சுமார் 8 ஓமில் அடங்கும். அதனால் rs-க்கு 1 கிலோஓம் பொட் மட்டும் போதாது, 100 ஓம் ஒன்றும் தொடராக வேண்டும். பாலிப்ரோப்பிலினின் இழப்பை இந்தப் பெட்டியில் அளக்க முடியாது. அரை ஓம் என்பது பொட்டின் தொடுமுனை ஆட்டத்துக்குள் போய்விடும்.

ஃபேன் கண்டென்சருக்கு Cs 1 மைக்ரோ, R1 1 கிலோஓம்; 2.5 மைக்ரோ என்றால் டயல் 2.50. ஃபேன் மெதுவாக ஓடுகிறதென்று கழற்றியதில் 1.6 வந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், கண்டென்சரை மாற்றிவிடுங்கள். கழற்றியதைப் பிரிட்ஜில் மாட்டும் முன் 1 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரால் டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

1 நானோ முதல் 5 மைக்ரோ வரை இந்தப் பெட்டியை நம்பலாம். 100 பிக்கோவுக்குக் கீழே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் உபரியே தலையைச் சுற்றவைக்கும்; அங்கே கேங் கெபாசிட்டரை (ரேடியோ டியூனிங் கெபாசிட்டர்) வைத்து மாற்றீட்டு முறைதான் (Cx-ஐ எடுத்துவிட்டு, மறுபடி சமநிலை வரும்வரை கேங்கைத் திருகிப் பார்ப்பது) சரி. 1000 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக்கின் எதிர்ப்பு 1 கிலோஹெர்ட்ஸில் 0.16 ஓம்தான், அதற்கு ESR (உள்ளே இருக்கும் தொடர் ரெசிஸ்டன்ஸ்) மீட்டர் வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் ஹைலம் போர்டில் ஈரம் பிடித்து சிறிய ரேஞ்சில் நல் மங்கினால், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்தால் திரும்பிவிடும்.