நிலா ஓதம் தேடுவோருக்கு இன்டர்மேக்னெட் நிமிடத் தரவு

புவிக்காந்தப் புலத்தில் சூரிய ஓதமும் நிலா ஓதமும் (சூரியனாலும் நிலாவாலும் திரும்பத் திரும்ப எழும் சிறு ஏற்ற இறக்கங்கள்) பருவத்துக்குப் பருவம் மாறுவதை அளக்க, உலகப் புவிக்காந்த நிலையங்களை இணைக்கும் இன்டர்மேக்னெட் வலையமைப்பின் இறுதித் தரவைவிட (திருத்தி முடித்த தரவு) நல்ல தொடக்கம் கிடையாது. வணிக நோக்கில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். தொடர் 1991-இலிருந்து இருக்கிறது.

இறுதித் தரவு வெளிவர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். காத்திருப்பதே நல்லது. நடு அட்சரேகைகளில் சூரிய ஓதம் சில பத்து நானோடெஸ்லா (காந்தப்புல அலகு), நிலாவுடையது ஓரிரண்டுதான். தற்காலிகத் தரவில் திருத்தப்படாத ஓர் அடிக்கோட்டுத் தாவல் (அளவீட்டின் அடிப்படை மதிப்பு திடீரென நகர்வது) போதும், அந்தச் சிறிய அலை மூழ்கிவிடும்.

ஐஏஜிஏ-2002 என்ற கோப்பு வடிவில் ஒரு நாளுக்கு 1440 வரிகள் வரும். 99999.00 என்றால் விடுபட்ட மதிப்பு, 88888.00 என்றால் அந்தக் கூறு பதியப்படவே இல்லை. சராசரி போடுமுன் இரண்டையும் நீக்குங்கள். காந்த ஒதுக்கம் (உண்மை வடக்கிலிருந்து காந்த வடக்கு விலகும் கோணம்) நானோடெஸ்லாவில் இருக்காது, கலை அளவில் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) இருக்கும்; அதன் மாற்றத்தைக் கிடைப்புலத்தால் பெருக்கி 3438-ஆல் வகுத்தால் கிழக்குக் கூறின் மாற்றம் ஏறக்குறையக் கிடைக்கும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் மணிச் சராசரி. அதன் நேரம் மணியின் நடுப்புள்ளி, அதாவது நாளின் முதல் மணிக்கு 00:30. அதை 00:00 என்று எடுத்தால் 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் நிலா அலையின் கட்டம் 14.5 பாகை விலகும். சராசரியால் வீச்சும் குறைகிறது: 12.42 மணி அலையில் 1 சதவீதம், 6.1 மணி அலையில் 4 சதவீதத்துக்கு மேல். நிமிடத் தரவுக்கே அலைகளை நேரடியாகப் பொருத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

பருவப் பிரிப்புக்கு நவம்பர்–பிப்ரவரி, மே–ஆகஸ்ட், மீதி நான்கு மாதங்கள் என்ற பழைய முறையே போதும். 12 மணி சூரிய அலையையும் 12.42 மணி நிலா அலையையும் பிரிக்கக் குறைந்தது 14.77 நாள் தொடர் வேண்டும். நிலா அலை இரைச்சலுக்கு மேல் தெரிய ஒவ்வொரு பருவத்துக்கும் பல ஆண்டுகளைச் சேர்க்க வேண்டும். மாதத்தில் காந்தப்புலம் மிக அமைதியாக இருந்த ஐந்து நாட்களை மட்டும் எடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: பிறைநிலைகள் சமமாக அமையாமல் சூரிய ஓதத்தின் எச்சம் நிலா ஓதத்தில் கலந்துவிடும். கேபி எண் (புவிக்காந்தக் கொந்தளிப்பின் அளவு) உயர்ந்த நாட்களை மட்டும் விலக்கி, மீதியை எல்லாம் வைத்துக்கொள்வதே மேல்.

முதல் முயற்சிக்குப் பெருவின் உவான்காயோ நிலையத்தை எடுங்கள். நிலநடுக்கோட்டு மின்தாரையின் (காந்த நிலநடுக்கோட்டுக்கு மேலே உயர் வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டம்) கீழே இருப்பதால் அங்கே நிலா ஓதம் பெரியது. நவம்பர்–பிப்ரவரியில் இன்னும் பெரியது.

குறை என்றால், கடற்பரப்பிலும் தென்கோளத்திலும் நிலையங்கள் மிகக் குறைவு. 1991-க்கு முந்தைய காலத்துக்கு உலகத் தரவு மையங்களின் மணி மதிப்புகளுக்குப் போக வேண்டும். அவற்றில் மிகப் பழைய சில தொடர்கள் சராசரி அல்ல, அந்தந்த மணியில் எடுத்த ஒற்றை வாசிப்பு. இரண்டையும் ஒட்டுமுன் நேரக்குறியைப் பாருங்கள்.