கேட்ச் கேன் போடலாமா, பிரீதரை அப்படியே விடலாமா? ஏற்காடு ஏறும் டீசல் கார்களுக்கு ஓர் ஒப்பீடு

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு, ஏறத்தாழ 1,500 மீட்டர். இந்த ரோட்டில் அடிக்கடி போய்வரும் டீசல் கார்க்காரர்கள் சர்வீஸில் இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸைக் கழற்றியதும் உள்ளே ஆயிலைப் பார்த்துப் பதறுவார்கள். உடனே ஆளுக்கொரு யோசனை வரும். ‘கேட்ச் கேன் போட்டுடுங்கண்ணா’ என்பார் ஒருவர்; ஆயில் புகையிலிருந்து ஆயிலைப் பிரித்துப் பிடித்துவைக்கும் டப்பா அது. ‘பிரீதர் பைப்பைக் கழற்றிக் கீழே விட்டுடுங்க’ என்பார் இன்னொருவர்; இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுத்துக் காற்றுக்குழாயில் விடும் குழாய் அது. கம்பெனி கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. அதைச் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை, அதில் விற்க ஒன்றும் இல்லை என்பதாலோ என்னவோ.

இன்ஜின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கிராங்க் சுழலும் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அதுதான் ப்ளோ-பை. அது ஆயில் புகை, கரி, நீராவி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மேலே வரும். டேப்பட் கவரில் உள்ள தடுப்புகள் பெரிய துளிகளைப் பிடித்துக் கீழே அனுப்பிவிடும். மீதி டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக்குழாயில் சேரும். இரண்டாவது கியரில் முழு பூஸ்ட்டோடு வளைவு ஏறும்போது சிலிண்டர் அழுத்தம் கூடும், ப்ளோ-பையும் கூடும். ஆகவே ஹோஸுக்குள் லேசான ஆயில் பூச்சு இருந்தால் அது நோய் இல்லை. குட்டையாகத் தேங்கி நின்றால்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரணையை டிப் ஸ்டிக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ‘மலைக்குப் போற வண்டி, அரை லிட்டர் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றும் பழக்கம் நம்மூரில் உண்டு. அளவு மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், அது பிரீதர் வழியே வெளியேறும். பிஎஸ்6 கார்களில் யாரும் ஊற்றாமலே அளவு ஏறலாம். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள (இதுதான் ரீஜென்) கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பங்கு ஆயிலில் கலந்துவிடுகிறது. டவுனுக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் இது அதிகம்.

அடுத்தது பிரீதர் அடைப்பு. டர்போவுக்குப் போன ஆயில் தன் எடையால்தான் வழிந்து கிராங்க் கேஸுக்குத் திரும்புகிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் திரும்ப வழியில்லாமல் டர்போ சீல் வழியே கசியும். ‘டர்போ போச்சு’ என்று புது டர்போ மாட்டியும் கசிவு நிற்காத வண்டிகளில் பலவற்றின் கதை இதுதான். இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக நடுங்கினால் பயமில்லை. தூக்கி எறிந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், பிரீதர் அடைத்திருக்கலாம். அப்போது எந்த கேனும் காப்பாற்றாது.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கேட்ச் கேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பளபள அலுமினிய டப்பாக்களில் பெரும்பாலும் உள்ளே ஒன்றுமே இருக்காது. சாம்பிராணிப் புகை காலி டப்பாவுக்குள் புகுந்து வெளியேறுவது போல ஆயில் புகையும் போய்விடும். அதைவிட மோசம், ஒல்லியான ஹோஸைப் போட்டு வாயு போகும் வழியையே நெருக்கிவிடுவார்கள். மான் ஹம்மல் புரோவென்ட் 200 போன்றவை வேறு ரகம். நுண்துளிகளை இழைகளில் சேர்த்துப் பெரிய துளியாக்கும் ஃபில்டர் உள்ளே இருக்கும், அது அடைத்தாலும் அழுத்தம் ஏறாமல் திறந்துவிடும் வால்வும் இருக்கும். விலை கூடுதல். ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போனெட்டுக்குள் இடமும் தேட வேண்டும்.

இந்தச் செலவு யாருக்கு? எரிந்த புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆரின் கரியும் பிரீதர் ஆயிலும் கலந்து, சிலிண்டருக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் தாராக உறைந்து, ஏற்கெனவே ஒருமுறை சுத்தம் செய்யப்பட்ட பிஎஸ்4 டீசல் வண்டிக்குத் தரலாம். வாரன்டியில் இருக்கும் வண்டியில் கை வைக்க வேண்டாம். டிபிஎஃப் உள்ள வண்டியில் எரியும் ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் தங்கிவிடும், ரீஜென் அதைப் போக்காது. அதனால் அங்கேயும் நல்ல பிரிப்பானுக்கு நியாயம் உண்டு, வாரன்டி முடிந்த பிறகு.

பைப்பைக் கீழே விடும் யோசனையை ஒதுக்கிவிடலாம். ஏசி போட்டால் உள்ளே ஆயில் வாடை, அடியில் பிசுக்கு, காற்றுக்கும் கேடு. கழற்றிய இடத்தை மூடாமல் விட்டால் ஃபில்டரைத் தாண்டாத காற்று நேராக டர்போவுக்குள் போகும். செட்டிச்சாவடி மேக்னசைட் சுரங்கப் பக்கம் பறக்கும் வெள்ளைத் தூசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கேனையே போட்டாலும், மலையில் தங்கி ஓட்டுபவர் குளிர்மாதங்களில் அதை அடிக்கடி காலி செய்ய வேண்டும். நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்து மோர் நிறத்தில் தேங்கும். அதைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.