ஆறு பாட்டில் பார்பரெஸ்கோ

இத்தாலியின் டுரினில் குடியேறிய புதிதில், 2020-இல், பார்பரெஸ்கோ என்ற சிவப்பு ஒயினில் ஆறு பாட்டில் சேர்த்து வாங்கினேன். தயாரிப்பாளர் ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ, 2016 அறுவடை. கூடுதல் காலம் முதிரவைத்து விற்கும் ‘ரிசர்வா’ இல்லை, சாதாரண லேபிள்தான். பாட்டில் 30 யூரோவை ஒட்டி வந்தது.

முதல் பாட்டிலை அந்த வாரமே திறந்தேன். வெளிறிய சிவப்பு, கோப்பைக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. லேசான ஒயின் என்று நினைத்துக் குடித்தால், கடுக்காயைக் கடித்த மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. பார்பரெஸ்கோவுக்கான நெபியோலோ திராட்சையின் குணமே அதுதான். நிறம் கம்மி, புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். அந்த இரண்டும்தான் அதைப் பல வருடம் கெடாமல் தாங்குகின்றன.

அடுத்த வருடம் இரண்டாவது. காற்றுப்பட நான்கு மணி நேரம் ஜாடியில் ஊற்றி வைத்தும் துவர்ப்பு பிடி விடவில்லை. மீதியை மறுநாள் குடித்தபோதுதான் ரோஜா வாசனை கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

மூன்றாவது வீண். சமையலறைப் பரண்மேல் வைத்திருந்தேன். ஒரே கோடையில் கார்க் வெளியே பிதுங்கி, உள்ளே வேகவைத்த பழ வாடை. முழுக்க என் தப்பு. மிச்ச மூன்றையும் நிலவறைக்குக் கொண்டுபோனேன். இங்கே பல அடுக்குமாடிகளில் வீட்டுக்கு ஒரு நிலவறைத் தடுப்பு உண்டு, ‘கன்தீனா’ என்பார்கள். பெரும்பாலும் ஓட்டை சைக்கிள்தான் கிடக்கும்.

இந்த ஒயினைத் தயாரிப்பது ஒரு கூட்டுறவுச் சங்கம். 1894-இல் பக்கத்து ஊரான ஆல்பாவின் ஒயின் பள்ளித் தலைவர் தொமீத்சியோ கவாத்சா, ஒன்பது விவசாயிகளோடு தொடங்கியது. பாசிச ஆட்சிக் காலத்தில் மூடப்பட்டது. 1958-இல் பார்பரெஸ்கோ ஊர்ப் பாதிரியார் 19 சிறு விவசாயிகளைக் கூட்டி மறுபடி ஆரம்பித்தார். முதல் மூன்று வருட ஒயினும் தேவாலயத்தின் அடித்தளத்திலேயே தயாரானது. நம்மூர் பால் சொசைட்டியில் பாலின் கொழுப்பு பார்த்து விலை போடுவார்களே, அப்படி இங்கே திராட்சையின் தரம் பார்த்துப் பணம். நல்ல வருடங்களில் அசீலி, ரபயா, மோன்தெஸ்தேஃபனோ என ஒன்பது தோட்டங்களின் ரிசர்வாவைத் தனித்தனியாக விடுகிறார்கள். மற்ற வருடங்களில் அந்தப் பழமெல்லாம் இந்தச் சாதாரண பாட்டிலுக்கே வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

சரி, நான்காவது. 2023-இல் திறந்தேன். துவர்ப்பு இருந்தது, ஆனால் முரட்டுத்தனம் போயிருந்தது.

ஐந்தாவது போன குளிர்காலத்தில். ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்ததால் வண்டல் அடியில் தங்கிவிட்டது. ஊற்றியதும் காய்ந்த ரோஜா இதழ், அதன் பின்னாலேயே புதுத் தார் ரோட்டு வாசனை, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். காளான் ரிசோத்தோவோடு (குழைந்த இத்தாலியச் சோறு) அபாரம். ஆசைக்கு மட்டன் சுக்காவோடும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வேண்டாம். மிளகாய் பட்டதும் அடங்கியிருந்த துவர்ப்பு மறுபடி எழுந்து நின்றது.

உடனே குடிக்க வேண்டுமென்றால் இதே சங்கம் இதே திராட்சையில் செய்யும் ‘லாங்கே நெபியோலோ’ ஒயினை வாங்குங்கள், விலையும் குறைவு. பார்பரெஸ்கோ வாங்கினால் அறுவடையிலிருந்து எட்டு வருடமாவது பொறுங்கள். குளிர்ந்த இருட்டு இடம் இல்லாதவர்கள் வாங்கவே வேண்டாம்.

ஆறாவது பாட்டிலின் கழுத்தில் ‘2030’ என்று எழுதி ஒரு சீட்டு கட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே வீட்டில் யாரோ பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.